தூசற்ற அறைக்குள் குத்துவிளக்கு

அன்புத் தங்கச்சி சாரதா,

1. இதனை எழுதும் நான், ஓர்ஸ் ஹில்லில் வசிக்கும் சட்டத்தரணி. உன் ஒரே அண்ணன்.

2. கீழே கூறுவன நான் நேரிற் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே. எரிச்சலோடு எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நீ தொடங்கிய நுண்கருவிகள் ஆய்வுப் பிரிவுக்கு உன் பெயரையே வைத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் பெயர்ப்பலகை திறக்கும் நாளில் குத்துவிளக்கை எங்கே கொண்டுபோய் வைக்கப் பார்த்தார்கள் தெரியுமா? உன் தூசற்ற அறையின் நடுவில்! தலைமயிர்கூட வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டு நீ நுழைந்த அறை அது. ஒரு தும்மலில் மாதக்கணக்கான வேலை பாழாகிவிடும் என்பாயே, அதே அறை. அதற்குள் எண்ணெயும் திரியும் சாம்பிராணியும். உனக்குச் செய்யும் மரியாதையாம்.

உன் மாணவி நஸ்லியா வாசலில் அழுதுகொண்டு நின்றாள். வயல் வாய்க்காலில் உப்புநீர் ஏறினால் அறிவிக்கும் உணரிகள், நீ கடைசியாகத் தொடங்கியவை, பாதி முடிந்த நிலையில் உள்ளே திறந்து கிடந்தன. மூதூரில் அவளுடைய வாப்பாவின் வயலில்தான் முதலில் வைத்துப் பார்ப்பதென்று நீங்கள் பேசி வைத்திருந்தீர்களாம்.

"கரி படிஞ்சா எல்லாம் போச்சு சேர். மெடம் இல்லாம இன்னொருக்கா முதல்ல இருந்து செய்ய ஏலா," என்றாள்.

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். விழாக்குழுத் தலைவர் சிரித்தார்.

"நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நீங்களே விளக்குக் கூடாதெண்டு கதைக்கிறியளோ ஐயா?"

"விளக்குக் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. உள்ளுக்குக் கூடாதெண்டு சொல்லுறன்."

"அப்ப நீங்கள் மட்டும் அந்தத் தூளோடை உள்ளுக்குப் போவியளோ?"

"நான் ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்லை."

அது முழு உண்மை. "திருநீற்றைக் கழுவிப்போட்டு வாங்கோ அண்ணா, காட்டுறன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாய்? ஏலாது என்று நான் காருக்குள்ளேயே இருந்துவிடுவேன். நீயும் ஒருநாள்கூட விட்டுக்கொடுத்தாயில்லை. இரண்டு பிடிவாதக்காரரைப் பெற்ற வீடு!

குழாயடிக்குப் போய் நெற்றியைக் கழுவினேன். ஈர முகத்தோடு திரும்பி வந்து மறுபடியும் கதவடியில் நின்றேன். காவலாளி தர்மலிங்கம்தான் விளக்கைத் தூக்கினார். "நல்லதாப் போச்சு ஐயா. எண்ணெய் சிந்தினா நானெல்லோ துடைக்கவேணும்."

வெளிப் படிக்கட்டில் வைத்த விளக்கைத் துறைமுகக் காற்று திரும்பத் திரும்ப அணைத்தது. தலைவருக்கு என்மேல் இன்னமும் கோபம்.

பிறகு நஸ்லியா எனக்கு அங்கியும் தொப்பியும் தந்து உள்ளே கூட்டிப்போனாள். நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மெல்லிய வரிகள் தெரிந்தன. எனக்கு விளங்கவில்லை, விளங்கியதாகச் சத்தியம் செய்யவும் மாட்டேன். நஸ்லியா சொல்லித்தான் பார்த்தாள். நீ சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது விளங்கிக்கொண்டிருப்பேன். போய்ச்சேர ஏன் அம்மா உனக்கு இவ்வளவு அவசரம்?

அந்த உணரிகள் மூதூர் வயலில் இறங்கும்வரை, உன் வாசலைத் தாண்டி நெருப்பு நுழைய விடமாட்டேன். நானும் நெற்றியைக் கழுவிக்கொண்டுதான் வருவேன், வெள்ளிக்கிழமையானாலும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தியாகராசா

சாட்சிகள்:
நஸ்லியா, மூதூர்
தர்மலிங்கம், கந்தளாய்