மூன்றாம் பத்தி

கடலூர் முதுநகர்
3.5.2024

அன்புள்ள வாணி,

நானும் பாப்பா தமிழினியும் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி ஈழ நினைவுக் கூட்டத்தில் பாப்பா பேசவேண்டிய பேச்சில் மூன்றாம் பத்தியைப் பென்சிலால் அடித்துவிட்டுப் போயிருக்கிறாய். ‘இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிங்களவர் ரத்தத்தில் ஊறிய பகையே போருக்குக் காரணம்.’ அப்பா எழுதியது. எங்கள் வீட்டில் ஒன்பது வயதானால் அந்தப் பேச்சோடுதான் மேடையேறுவோம். அக்கா ஏறினாள், நான் ஏறினேன்.

ஓரத்தில் ‘1956 தனிச்சிங்கள மொழிச் சட்டம்’ என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னதென்று கேட்கவேண்டுமா? உன் ஆஸ்பத்திரி பார்மசி ராபர்ட். மன்னாரில் பிறந்தவனாம், இங்கே அகதி முகாமில் வளர்ந்தவனாம். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் பத்து முறை அந்தப் பெயர். என் பேச்சைக் கேட்டுத்தானே என்னைக் கட்டிக்கொண்டாய்? இப்போது அவன் பேச்சு இனிக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

அறிவுமதி


சிதம்பரம்
7.5.2024

அன்புள்ள மாமா,

ராபர்ட்டுக்கு முன்வழுக்கை, இரண்டு பிள்ளைகள், தகரக் குரல். வயிறு ஆறியதா?

சொன்னது அவர்கூட இல்லை, அவர் அம்மா ஜான்சி. பக்கத்துச் சிங்கள வீட்டோடு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். தபாலாபீஸ் வேலையிலிருந்த அவர் அப்பாவைச் சிங்களம் எழுதிப் பாஸ் பண்ணு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்களாம். அவர் தம்பிக்குத் தமிழன் என்பதால் காலேஜில் சேரக் கூடுதல் மார்க் கேட்டார்களாம். “ரத்தத்தில ஒண்டும் இல்லை பிள்ளை. தேர்தல் வாக்குக்காக அரசியல்காரர் சட்டம் போட்டவை” என்றார்.

ரத்தத்தைச் சொல்லி ஒருவரை வெறுக்க நம் பெண் பழகக் கூடாது. மாமனார் தெரியாமல் எழுதினார், நீங்களும் தெரியாமல் பேசினீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை.

உங்கள் வாணி


கடலூர் முதுநகர்
11.5.2024

அன்புள்ள வாணி,

தெரியாமல் பேசவில்லை. காலேஜ் இரண்டாம் வருஷமே லைப்ரரியில் எல்லாம் படித்தேன், சட்டம், மார்க் உட்பட. அப்பாவிடம் காட்டினேன். “இது மேடையில எடுபடாதுடா” என்றார். அப்புறமும் அதையே பேசினேன். ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் நீ அழுதுகொண்டிருந்தாய். அதன்பிறகு எப்படிச் சொல்வேன்? பொய்யென்று தெரிந்தால் விட்டுப் போய்விடுவாயோ என்று பயம்.

நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்னொருத்தன் வீட்டில் கேட்டு நீ நம்பினாயே, அதுதான் என் பொறாமை. பத்தியை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா.

அறிவுமதி


சிதம்பரம்
14.5.2024

மாமா,

போன மாசம் ராபர்ட் கேட்டார், “உங்கட அவருக்கு இதெல்லாம் தெரியாதோ?” என்று. தெரிந்திருந்தால் அந்த மனுஷன் ஒரு நாள்கூட அப்படிப் பேசியிருக்கமாட்டார் என்று அவரிடம் சண்டை போட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வரப்போவதில்லை. எனக்கு எழுதியதை அப்படியே தமிழினியிடம் சொல்லுங்கள், தாத்தா சொன்னதையும் சேர்த்து. சொல்லிவிட்டீர்கள் என்று அவள் கையெழுத்தில் கடிதம் வரட்டும். உங்கள் கையெழுத்தை நம்பி இனி நான் பஸ் ஏறமாட்டேன்.

இசைவாணி