கிணற்றுக்கு மோட்டார்

ஆவணி 9, வெள்ளிக்கிழமை.

கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைக்கப்போகிறான் என் மகன். கமலை இழுக்கும் காளைகளை அடுத்த சந்தையில் விற்றுவிடுவானாம்.

"மோட்டார் தண்ணி எறைக்கும்லே. என்னைய நத்தத்துக்குக் கூட்டிட்டுப் போகுமா?" என்றேன். என் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"அதான் பஸ் ஓடுதுல்ல ஆத்தா. ஏறிப் போ."

பஸ்ஸில் நான் போய்விடுவேன். இவன் வரமாட்டான். கல்யாணச் சீர் சண்டையில் மூன்று வருஷமாகத் தங்கையோடு பேச்சில்லை. அவள் வளைகாப்புக்கும் இவன் போகவில்லை, நான் மறக்கவில்லை. இந்தக் காளைகளைப் பூட்டி வண்டியில் போனால், ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அவள் வாசல் வரைக்குமாவது வருவான். அவள் ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். இதை யாரிடம் சொல்ல?

"விக்கிறதுக்கு முன்ன ஒருக்கா வண்டியப் பூட்டுலே."

"பாப்போம்."

இவன் அப்பாவும் இதையேதான் சொல்வார். அவர் பார்ப்போம் என்றது ஒன்றுகூட நடந்ததில்லை.