வெயிலில் நின்ற கறுப்பி

அண்ணே,

இன்று காலை பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். நனைந்த சாக்கின் வாசனை வந்தது. நீங்கள் இறந்துபோய் ஆறு ஆண்டுகள் ஆகியும் பாகான் டாலாமில் இருந்த உங்கள் மாட்டுக்கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் நான் சினை ஊசி போடும் அரசாங்க ஆள். மோட்டார் சைக்கிளில் நிபோங் திபாலில் தொடங்கி உங்களிடம் வந்துசேர நண்பகல் ஆகிவிடும். கொட்டகைக்குள் இடம் போதவில்லை, மாட்டை வெளியே கட்டிவையுங்கள் என்று முதல் நாளே சொன்னவன் நான். உங்கள் பசு கறுப்பி பருவத்துக்கு வந்த நாளெல்லாம், விடிந்ததுமே அவளை வேலியோரம் கட்டிவிட்டுக் காத்திருந்தீர்கள்.

"அரசாங்க வேலைலா தம்பி, நீங்க வர்றப்ப மாடு ரெடியா இருக்கணும்" என்பீர்கள். அவள் உச்சி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருப்பாள். நான் ஊசியைப் போட்டு, நீங்கள் தந்த தேநீரையும் குடித்துவிட்டுக் கிளம்புவேன். நான்கு முறை போட்டும் சினை நிற்கவில்லை. அவளுடைய அட்டையில் 'மலடு' என்று எழுதினேன். நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடுத்த வாரம் கசாப்புக்காரரின் லோரி வந்தது. அன்று நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று உங்கள் மனைவி சொன்னார்.

பிறகு செவலை. அவளுக்கும் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை எதற்கும் பார்ப்போமே என்று உடல்சூட்டைப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை, ஆனால் காய்ச்சல் கண்ட மாட்டின் சூடு. நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றியதும் மெல்ல இறங்கியது. அவ்வளவு சூட்டில் கரு தங்காது என்று பாடம் படித்துத் தேறியவன்தான் நான். அடுத்த முறை பாதையைத் திருப்பி, காலையில் முதல் வேலையாக உங்களிடம் வந்தேன். செவலை சினையானாள்.

அவளுடைய கடைசி மாதங்கள் கடும் வெயிலில் போயின. கன்று நோஞ்சானாகப் பிறந்தது. "வயித்துக்குள்ளயே வெயில் பட்டுருச்சு போல" என்றீர்கள். அந்தக் கன்று வளர்ந்து ஈன்றபோதும் தாயளவு கறக்கவில்லை. அதற்குள் நீங்கள் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தீர்கள். பார்ப்பவர்களிடமெல்லாம், "தம்பி சொல்லித்தான் செவலை சினையாச்சு" என்றீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்ல எத்தனையோ வருடங்கள் இருந்தன.

கறுப்பி மலடு இல்லை அண்ணே. நான்தான் ஒவ்வொரு முறையும் மத்தியானத்தில் வந்தேன்.