நண்பகலுக்குப் பிந்திய டிவிடெண்ட்

22 மார்ச் 1982, திங்கள்
முதலாளி மிஸ்டர் கிரிம்ஷா படிக்கட்டில் எதிர்ப்பட்டார். "நல்லாருக்கியா, ஜானிஸ்?" என்றார். கூச்சத்தில் பொய்யாக இருமினேன். மதியம் என் மேசையில் இருமல் மாத்திரை டப்பா. இனி வாரம் முழுக்க இருமியாக வேண்டும்.

24, புதன்
முதலாளியும் அவர் அக்கா மிஸ் ஈடித்தும் கூடிப் பேசினார்கள். கம்பெனிப் பங்கு முழுவதும் அவர்கள் இருவருடையதுதான். அக்கா வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஆகவே டிவிடெண்ட் ஆயிரத்து நானூறு பவுண்டு.

"கூடவே அறுநூறு வரி," என்று பெருமூச்சு விட்டார் கணக்குப் பார்க்கும் மிஸஸ் என்ட்விசில். எனக்குப் புரியவில்லை. பத்து பிஸ்கட்டை அடுக்கினார். "லாபத்துல ஏழு பவுண்டு பங்குதாரருக்குக் கொடுத்தா, மூணு பவுண்டு அரசாங்கத்துக்கு முன்கூட்டியே கட்டணும், கண்ணு. வருஷ வரியில பிறகு கழிச்சுக்கலாம். நஷ்டமில்ல, சீக்கிரம் கட்டறோம், அவ்வளவுதான்." பிறகு அரசாங்கத்தின் மூன்றையும் அவரே தின்றுவிட்டார்.

26, வெள்ளி
டிவிடெண்ட் செக்கை 31ஆம் தேதி கொடுத்தால் அது இந்தக் காலாண்டுக் கணக்கு. பதினாலே நாளில், ஏப்ரல் 14க்குள், வரி கட்ட வேண்டும். நாங்கள் தைக்கும் வீட்டுச் செருப்புக்குக் கடைக்காரர்கள் மே மாதம்தான் பணம் தருவார்கள்.

"அறுநூறு இப்பவே போனா ஒரு ஆளைக் குறைக்கணும்," என்றார் மிஸஸ் என்ட்விசில். என்னைப் பார்க்காமல் சொன்னார். கடைசியாகச் சேர்ந்தவள் நான்தானே? அறுநூறு என்றால் என் பதினைந்து வாரச் சம்பளம்.

ஒரே ஒரு நாள் தள்ளி ஏப்ரல் 1 என்று கொடுத்தால் அடுத்த காலாண்டு. ஜூலை 14 வரை மூச்சு விடலாம். ஒரு நாள்!

29, திங்கள்
முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தும் அவரும் மிஸஸ் என்ட்விசிலும் பேசியது கேட்டது.

"ஏப்ரல் ஒண்ணா? முட்டாள்கள் தினத்துலயா? ஈடித் அந்தச் செக்கை ஃப்ரேம் போட்டு சர்ச்சுல மாட்டிடுவா! எட்டு வயசுல, இதே நாள்ல, என்னை இல்லாத இடக்கைச் சுத்தியலை வாங்கிட்டு வான்னு கடைக்கு அனுப்புனவ அவ!"

"அப்ப ரெண்டாந்தேதி கொடுங்க, சார்."

"ரெண்டாந்தேதி காலைல அவ பேங்க்ல போட்டாகணும். கூரைக்காரன் விடமாட்டான். புதன்கிழமையே கொடுத்துடறேன்."

30, செவ்வாய்
எனக்கு ஒரு வழி தெரியும். முதலாளியிடம் சொல்லலாமா? - சொல்லவில்லை.

31, புதன்
முதலாளிக்குத் தேநீர் கொண்டுபோனேன். பேனா மூடி திறந்திருந்தது.

"சார்... பன்னெண்டு மணிக்கு மேல செல்லாது, சார்."

"எது?"

"ஏப்ரல் ஃபூல். மத்தியானம் பன்னெண்டு அடிச்சிட்டா, அதுக்கப்புறம் கேலி பண்றவங்கதான் முட்டாள். பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும், சார்."

கம்பளத்தில் மூன்று சிகரெட் ஓட்டைகள். நான்கு முறை எண்ணினேன்.

"அப்ப ஈடித் சிரிச்சா..."

"அவங்கதான், சார்."

பேனாவை மூடினார். எட்டு வயதுப் பையனின் சிரிப்பு!

1 ஏப்ரல், வியாழன்
பதினொன்றரையிலிருந்து கடிகாரத்தின் முன்னாலேயே நின்றார். பன்னிரண்டு ஐந்துக்குக் கையெழுத்து. அக்காவின் செக்கைக் கொடுத்து என்னை அனுப்பினார்.

மிஸ் ஈடித் தேதியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "இன்னிக்கா? என் தம்பி இதுக்குன்னே பொறந்தவன்!" நான் அவர் வீட்டுக் கடிகாரத்தைக் காட்டினேன். பன்னிரண்டே முக்கால். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்பது வருஷமா அவனை ஜெயிச்சிட்டிருந்தேன். யாரு சொல்லிக் கொடுத்தது?"

இருமினேன்.

16, வெள்ளி
பதினான்காம் தேதி வந்தது, சும்மா போனது. இன்று சம்பள உறைகளை நிரப்பும் வேலை என்னுடையது. மொத்தம் முப்பத்தோரு உறைகள். கடைசி உறையில் என் பெயரை எழுதி, பணத்தை வைத்து, நக்கி ஒட்டினேன். ஐந்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதவள் போலப் பிரித்துப் பார்த்தேன்.