குளியலறைக் காவல்

மார்ச் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இந்தப் பக்கங்களில் வரப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நாளைக்கு எடுத்துப் படித்தால் நானே சந்தேகப்படுவேன். இருந்தும் எழுதுகிறேன். சரித்திரம் சாட்சிக்காகக் காத்திருக்காது.

அக்கா மகள் புதுவீடு வாங்குகிறாள். இன்று போய்ப் பார்த்தேன். அவ்வளவு வழவழப்பான சுவர். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். அங்கேதான் எனக்கு இடித்தது. இத்தனை அழகாகப் பூசி மெழுகியிருக்கிறான் என்றால், எதைப் பூசி மெழுகியிருக்கிறான்?

வெள்ளிக்கிழமை ஒப்புதல் கையெழுத்து. போட்டுவிட்டால் சாவி அவளுக்கு. அதன்பிறகு ஒழுகலும் விரிசலும்கூட அவளுக்கே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்தது முழுக்க அந்தச் சுவருக்குள் போயிருக்கிறது.

"வெளியாள் ஒருத்தரைக் கூட்டிவந்து சோதிச்சிடலாம்" என்றேன்.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. பில்டர் அவருடன் படித்தவர். "அவங்க இன்ஜினீயரே பார்த்து ஓகே சொல்லிட்டாரு மாமா."

"சமைச்சவங்ககிட்டயே உப்பு சரியான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க மாப்பிள்ளை?"

அக்கா மகள் சிரித்தாள். "பழைய வீட்டு மாடிப்படி உங்களை முறைக்குதுன்னு சொன்ன ஆள்தானே மாமா நீங்க?"

முறைத்தது உண்மை. அது வேறு கதை.

மார்ச் 4, புதன்

சோதிக்க ஆள் சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை என் போனை எடுக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

வந்தவர் ஒரு அம்மா. கையில் நீளக் கோல், நுனியில் இரும்புக் குண்டு. தரையை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறுமாம். டொக்டொக் அம்மா என்று மனதுக்குள் பட்டம் சூட்டி மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி டீ வரும்வரைதான். பில்டர் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்ணா" என்றார் அந்த அம்மா. அண்ணாவா? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! நான் டீயைத் தொடவில்லை. பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன், சாட்சியப் பொருளாக.

கடைசியாக மாடிக் குளியலறை. தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தினார். சமுத்திரம். அக்கரையில் நின்ற பில்டர் எறும்பளவு தெரிந்தார். தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் ஒரு பென்சில் கோடு.

"நாளைக்குக் காலைல கோட்டுலயே நின்னா நல்லது. குறைஞ்சா, தரைக்கு அடியில போட்ட வாட்டர் ப்ரூஃபிங் சரியில்லன்னு அர்த்தம். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

யாரும் என்றால் யார்? குறைந்ததைப் பில்டர் ஆட்கள் ஊற்றி நிரப்பிவிட்டால்? கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டால்? அந்த அம்மாவே — சரி, அதற்கு மேல் எழுதவில்லை.

இன்று எனக்குப் படுக்கை அந்தக் குளியலறை வாசலில், கதவுக்குக் குறுக்கே.

மார்ச் 6, வெள்ளி

ஒரு ஈ உள்ளே போகவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு விரலளவு கீழே நிற்கிறது. நான் குடிக்கவில்லை.

கீழே பேச்சுக் குரல். புயலாக இறங்கினேன். படிகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும். ஹாலில் பில்டர், மாப்பிள்ளை, அக்கா மகள். அவள் முன்னால் காகிதம், கையெழுத்துக்குக் காலி இடம். ஒரு நொடி தாமதித்திருந்தால் குடி முழுகியிருக்கும். சரியான சமயத்தில் குதித்தேன்.

"தண்ணி குறைஞ்சிருக்கு" என்றேன்.

"ராத்திரி அங்கதானே சார் படுத்திருந்தீங்க. கால் கழுவினீங்களோ என்னவோ" என்றார் பில்டர்.

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். "மாமா, இதுலயாவது நிஜத்தைச் சொல்லுங்க."

வாழ்நாள் முழுக்க அளந்தவனுக்கு அந்த இடத்தில் வார்த்தை வரவில்லை. என்னடா இது, நெஜத்த சொல்றப்போ நாக்கு இப்படி ஒட்டிக்குது?

டொக்டொக் அம்மா வந்தார். குளியலறைக்குக் கீழே இருக்கும் கூரையைப் பார்த்தார். ஈரமே இல்லை. பில்டர் முகத்தில் விளக்கு எரிந்தது. அம்மா மாடியேறி, பக்கத்துப் படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்து, ஈரம் காட்டும் கருவியை உள்ளே வைத்தார். அது அலறியது. பின்பலகையைத் தொட்டேன். டீயில் ஊறிய பிஸ்கட்.

"கீழ போகலண்ணா, பக்கவாட்டுல போயிருக்கு. வாட்டர் ப்ரூஃபிங்கைச் சுவர் ஓரத்துல ஏத்திப் பூசாம விட்டிருக்கீங்க" என்றார் பில்டரிடம். அதே அண்ணா. டீ விஷயத்தில் அந்த அம்மாவை மன்னித்தேன்.

காகிதத்தைப் பில்டரே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 29, ஞாயிறு

குளியலறையைப் பெயர்த்து, பூசி, மறுபடியும் தண்ணீர் நிறுத்தினார்கள். கோடு அசையவில்லை. நேற்றுக் கையெழுத்துப் போட்டாள்.

நான் சொந்தபந்தமெல்லாம் கூட்டிக் கதை சொன்னேன். வீடு ஒரு கிணற்றைக் குடித்தது, அலமாரியில் மீன் துள்ளியது, கடைசி நொடியில் நான் பாய்ந்து பேனாவைத் தட்டிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. ஆகாசப்புளுகு என்றார்கள்.

மாப்பிள்ளை தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க கடைசி நொடியில எல்லாம் வரல மாமா. நான் ரொம்ப நேரம் முன்னாடியே பேனாவை அவ கையில குடுத்துட்டேன். போடு போடுன்னு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவ மூடி வச்சுட்டா. 'மாமா மேல இருக்காரு, வரட்டும்'னுட்டா."

அப்போது தண்ணீர் குறைந்தது யாருக்கும் தெரியாது.

கிணறு பொய். மீன் பொய். பாய்ந்ததும் பொய். இது மட்டும் நிஜம்.