பேச்சாளர் இல்லாத கூட்டம்

இன்று காலை காய்கறி வாங்க மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனவள், பொம்மைக் கடைகள் எதிரே நின்றுவிட்டேன். நடைபாதையில் வைக்கோலைப் பிரித்துப் பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சரியாகக் காயாத வர்ணமும் வைக்கோலும் கலந்த வாசனை. நீ பின்னாலிருந்து என் முழங்கையை இடித்து, "நீ வெல கேக்காதே. மூஞ்சியப் பாத்தாலே வாத்தியாரம்மான்னு தெரியறது, கூடச் சொல்லுவான்" என்று சொன்னது போலிருந்தது. இந்த மாதிரி பிரமைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விலை கேட்காமல்தான் வந்தேன்.

அறுபத்தெட்டில் தி. நகரில் உங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு நான் குடிவந்தேன். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற தனியாள், அதிகம் பேசாதவள். நீயோ முதல் வாரமே காற்று வருகிற திசை பார்த்து என் அடுப்பை இடம் மாற்றினாய். ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்தக் கூடாது என்றாய். "தலைக்கு மட்டும் வேல குடுத்தா அது நம்மளையே தின்னுடும்டி, கைக்கும் ஒண்ணு குடு" என்று குரோஷா ஊசியைத் திணித்தாய். நான் பின்னிய ஒரே மேசைவிரிப்பு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சதுரமாக இல்லை. அதை நீ உங்கள் ரேடியோவின் மேல் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மாடிக்காரி போட்டது" என்று காட்டினாய். பாராட்டா கேலியா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

அரசியலிலும் உனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் இல்லை. தேர்தல் நாளில் நீயும் உன் கணவரும் சேர்ந்தே போய் வரிசையில் நிற்பீர்கள். திரும்பி வந்ததும், "அவர் போட்டத நான் அழிச்சுட்டேன்" என்பாய். "அப்ப ரெண்டு பேரும் வீட்லயே இருந்திருக்கலாமே" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இருந்திருந்தா யார் யாரை ஜெயிச்சான்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாய்.

உன் கொலுவும் அப்படித்தான். மற்ற வீடுகளில் படிகளுக்குக் கீழே பூங்கா வைப்பார்கள், மிருகக்காட்சிசாலை வைப்பார்கள். நீ கடற்கரைப் பொதுக்கூட்டம் வைப்பாய். சலித்த மணல், டார்ச் பல்பில் விளக்குத் தோரணம், கொண்டை ஊசியில் கருமணி கோத்த மைக். செட்டியார் பொம்மை கடையை மூடிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் வருஷா வருஷம் அதே பேச்சாளர்; தோளில் துண்டின் நிறம் மட்டும் மாறும்.

எழுபத்தாறு நவராத்திரியில் அந்த மேடை காலியாக இருந்தது. நெருக்கடி நிலை காலம். ஊரில் கூட்டம் போடத் தடை. பேருந்தில்கூட ஜனங்கள் விலைவாசியைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசினார்கள். நீ மணல் பரப்பி, விளக்குப் போட்டு, செட்டியாரை உட்காரவைத்து, மைக்கை நட்டுவிட்டு, பேச்சாளரை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டாய்.

உன் கணவர் மத்திய சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட். அங்கே இரண்டு பேருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்தது யார் என்று தெரியாமல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவருடைய மேலதிகாரியின் மனைவி வெற்றிலைபாக்குக்கு வருவதாக இருந்தது.

"பார்க் வை, ஜூ வை, யார் வேண்டாம்னா? இதப் பாத்துட்டு அந்த மாமி ஆத்துல போய் ஒரு வார்த்த சொன்னாப் போறும், என் வேல போயிடும்" என்றார் உன் கணவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவா, சொல்லுங்கோ" என்றார்.

"எடுத்துடு" என்றேன் உன்னிடம். "இதைப் பார்த்து எந்தச் சட்டமும் மாறப் போறதில்லை. அவர் வேலை போனா போனதுதான்."

நீ சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. "சரி, உன் அபிப்பிராயத்தக் கேட்டுண்டாச்சு. எடுக்க மாட்டேன்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. இத்தோடு பேச்சு நின்றுவிடும் என்று நினைத்து மாடிக்குப் போனேன். அரை மணி கழித்துப் படியில் உன் குரல்: "உப்பு சரியா இருக்கா பாரு." கையில் சுண்டல் கிண்ணம்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மாள் வந்தபோதுதான் நாம் இருவரும் கவனித்தோம். மேடை காலியாக இல்லை. பயம் தாங்காமல் உன் கணவர், நாம் அடுக்களையில் இருந்த நேரத்தில், மேல்படியிலிருந்து கைக்குக் கிடைத்த பொம்மையை எடுத்து மைக்கின் முன்னால் வைத்திருந்தார். அது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பொம்மை மைக்குக்கு எதிரே எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. காலி மேடையே எவ்வளவோ மேல். உன் கணவர் கதவோரம் வெளிறிப்போய் நின்றார். ஃபேனை அணைக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏண்டிம்மா," என்றார் உன்னிடம், "எங்காத்து மாமாவ நீ எப்போ பாத்தே? டெல்லிலேர்ந்து போன் வந்தா அப்படியே இப்படித்தான்!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு பாடச் சொன்னதும் பாயில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடினார். சுருதி சேரவே இல்லை. ஆபீசில் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த அம்மாள் போனதும் நீ இடுப்பில் கை வைத்து, "ஏன்னா, என் கூட்டத்துல யாரக் கேட்டு ஆள ஏத்தினேள்?" என்றாய். அவர் வாய் திறக்கும் முன்பே, "என்னைவிட நன்னா வெச்சுட்டேள், போங்கோ" என்று உள்ளே போய்விட்டாய். அடுத்த வருஷத்திலிருந்து மணல் சலிப்பது அவர் பொறுப்பாயிற்று.

அன்று நான் சொன்னது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. வேறொரு அம்மாள் வந்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கும். இதை உன்னிடமே சொன்னேன். "இருக்கலாம்டி. காபி குடி" என்றாய். மாற்றுக் கருத்துச் சொல்ல ஊரே அஞ்சிய வருஷத்தில், உன் அடுக்களையில் அதற்கு ஒரு தம்ளர் காபி கிடைத்தது.

நீ வைகாசியில் போனாய். அதனால் இந்த வருஷம் வீட்டில் கொலு இல்லை. உன் கணவர் ஓய்வு பெற்றாயிற்று. அடையாறில் தங்கை வீட்டோடு போய்விடலாமா என்று போன மாதம் என்னைக் கேட்டார். "போகாதீங்க. உங்க தங்கை நீங்க சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்றவங்க. உங்களுக்கு ரெண்டு மாசத்துல அலுத்துடும்" என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். விஜயதசமியன்று போகிறார்.

நேற்று முழுவதும் கீழே உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். என் அபிப்பிராயம் மாறவில்லை. முடிச்சுகளை மட்டும் வழியில் அவிழாதபடி இறுக்கிப் போட்டிருக்கிறேன்.