அடிச்சேறு விட்ட நஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கப்பல் துறைமுகம் தொட்டதும் இது கைக்குக் கிடைக்கும் என்று கம்பெனியில் சொன்னார்கள். போனில் பேசினால் உடைந்துவிடுவேன்.

இங்கே மூன்று வாரமாக இலை அசையவில்லை. ஊரே குடிக்கும் நம் ஏரியில் இரண்டு ஆள் ஆழம்கூடக் கிடையாது. சாக்கடையை வேறு பக்கம் திருப்பி இரண்டு வருஷம் ஆகிறது, இனி தண்ணீர் தெளிந்துவிடும் என்று நம்பினோம். ஆனால் முப்பது வருஷக் கழிவின் பாஸ்பரஸ் அடிச்சேற்றில் அப்படியே கிடந்திருக்கிறது. இந்த வெக்கையில் அடியில் பிராணவாயு தீர்ந்ததும் சேறு அதை மேலே விட்டுவிட்டது. அதையே உரமாக்கிக்கொண்டு நீலப்பச்சைப் பாசி பெயின்ட் கொட்டினாற்போல் படர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலை, குடிநீர் ஆய்வகத்தில் நான் சோதித்த குழாய்த் தண்ணீரிலேயே பாசியின் நஞ்சு இருந்தது. காய்ச்சினாலும் போகாத, ஈரலைத் தாக்கும் நஞ்சு. அதிகாரியிடம் ஓடினேன். "இன்னொரு தடவ பாத்துடலாம்மா. அவசரப்பட்டு ஊரக் கலக்கிடாத" என்றார். அன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் வயிற்றோடு போகும். அங்கே மெஷினில் அது ரத்தத்தையே தொடுகிறது. அங்குள்ள பழைய வடிகட்டி இந்த நஞ்சைப் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். நர்சம்மா மறுபேச்சுப் பேசாமல் ஆறு மெஷினையும் நிறுத்தினார். அதற்குள் அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. "ஆயுசு பூரா பம்பு போட்டு இந்த ஊருக்கே தண்ணி விட்டவன் நான். எனக்கே நிறுத்துறியா?" என்று சிரித்தார்.

பக்கத்துக் கட்டில் தையல்காரர் அன்று மாலையே வாந்தியெடுத்தார். இப்போது நினைவில்லை. இன்று காலை அப்பா கண்ணிலும் மஞ்சள் தெரிகிறது. வெளியூர் ஆஸ்பத்திரியில் நாளைதான் இடம் கிடைத்திருக்கிறது. ஊருக்கு லாரித் தண்ணீர் வருகிறது. அதிகாரி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமையே கரையோரம் பச்சை ஏடு பார்த்தேன். மாதிரி எடுக்கும் நாள் செவ்வாய்தானே என்று வந்துவிட்டேன். அந்த ஒரு நாள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"வேலையக் கெடுத்துக்கிட்டு அவன் வர வேணாம்னு எழுது" என்று அப்பா படுத்தபடியே சொல்கிறார். எழுதிவிட்டேன்.

கேப்டன் காலில் விழுந்தாவது புறப்பட்டு வா, தம்பி. நல்லபடியாக வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா